ஊட்டி மலை ரயில்: குன்னூர் வரைக்கும்தான் விஷயம்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் வண்டி 46 கி.மீ. ஏறி ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். பஸ்ஸில் பாதி நேரம்கூட ஆகாது. அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. மலையடிவார நிலையமான கல்லாறிலிருந்து குன்னூர் வரை இஞ்சின் படும் பாட்டைப் பார்க்கத்தான் இதில் ஏற வேண்டும்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் வந்து சேரும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். அதனால் இஞ்சினின் பற்சக்கரத்துக்கு எந்த நொடியிலும் பிடி விட்டுப்போகாது. 12 அடிக்கு 1 அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். இங்கே ஓடும் எக்ஸ் வகை நீராவி இஞ்சினுக்கு, நீராவி அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் சிலிண்டர்கள் நான்கு. கல்லாறு வரை இரண்டுதான் ஓடும். ஏற்றத்தில், அந்த இரண்டும் வெளியே விடும் நீராவியே அடுத்த இரண்டுக்கும் போய்ப் பற்சக்கரத்தைச் சுற்றும். வேகம் மணிக்கு 13 கி.மீ.தான்.

இஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளுவதால் முதல் பெட்டிக்கு முன்னால் மறைப்பே இல்லை. கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன் (பிரேக் பிடிக்கும் ஊழியர்) மட்டும்தான். இறங்கும்போது அந்தக் காட்சியை இஞ்சின் மறைத்துவிடும். ஒரு வழிக்கு மட்டும் டிக்கெட் கிடைத்தால் ஏறும் வழியையே எடுங்கள்.

குன்னூருக்கு மேல் டீசல் இஞ்சின், பல் பட்டையும் கிடையாது. இந்தப் பகுதி பின்னால் சேர்ந்தது. சுவிஸ் பொறியாளர் ரிகன்பாக் 1882இல் வந்து பார்த்த பிறகு, 1885இல் நீலகிரி ரயில்வே கம்பெனி உருவானது. 1891இல் வேலை தொடங்கியது. பணம் போதாமல் கம்பெனி கலைந்தது. அதை வாங்கிய புதுக் கம்பெனிதான் 1899இல் குன்னூர் வரை பாதையை முடித்தது. 1903இல் அரசு வாங்கிக்கொண்டது, 1908இல் ஊட்டிக்கு நீட்டியது. அங்கே ஏற்றம் 25க்கு 1தான். சாதாரணச் சக்கரமே போதும். லவ்டேல் பக்கம் அழகுதான், ஆனால் அது வேறு வண்டி மாதிரி.

பெட்டியில் கழிப்பறை இல்லை. இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் நிலையத்தில் நிற்கும்போது முடித்துக்கொள்ளுங்கள். கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் பிடுங்கிவிடும்.

முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும். விடுமுறைக் காலத்துக்கு, திறக்கும் அன்றைக்கே பதிவு செய்தால்தான் இடம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவில் கல்லாறு–குன்னூர் பாதை அடிக்கடி மூடும், அப்போது குன்னூர்–ஊட்டி மட்டுமே ஓடும். டிக்கெட்டில் புறப்படும் இடம் மேட்டுப்பாளையமா குன்னூரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.