புரொசஸர் சூட்டை நம்பிப் பார்க்க இரண்டு முனை வெப்பமானி: வாங்கிப் பாவித்த அனுபவம்

அறைக்குள் 33 பாகை, மொனிட்டரில் புரொசஸர் 17 பாகை. ஏசி கிடையாது, தண்ணீர்க் குளிரூட்டலும் கிடையாது, புரொசஸர் சூட்டை வெளியே இழுக்கிற உலோகத் துண்டான சாதாரண ஹீட்சிங்கும் ஃபேனும்தான். சுற்றியிருக்கிற காற்றை விடக் குளிராக ஒரு ஹீட்சிங்க் ஒருநாளும் போகாது, அப்படியென்றால் அந்த 17 பொய். பொய்யான எண்ணை வைத்துக்கொண்டு ஓவர்குளொக் செய்வது (புரொசஸரை அதற்குக் குறித்த வேகத்தை விடக் கூட ஓடவிடுவது) எனக்குச் சரிப்பட்டு வராது என்பதால்தான் இந்த வெப்பமானியைத் தேடிப் போனேன்.

என்னிடம் இருப்பது ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350. 2012இல் வந்தது, 125 வாட், மல்டிபிளையர் (வேகத்தைத் தீர்மானிக்கிற பெருக்கல் எண்) பூட்டில்லாதது, 20ஐ 22.5 ஆக்கினால் 4.5 கிகாஹேர்ட்ஸ் வந்துவிடும். இந்த எஃப்எக்ஸ் குடும்பத்தில் சொஃப்ட்வெயர் காட்டுகிற ‘கோர்’ எண்ணை உண்மையான பாகை என்று எடுக்கவே கூடாது, ஃபேனையும் பாதுகாப்பு எல்லையையும் கட்டுப்படுத்துவதற்கென்று வைத்த ஓர் அளவுகோல் அது என்று ஏஎம்டியின் ஆவணமே சொல்கிறது. எல்லைக்குக் கிட்டப் போகும்போது நம்பலாம் (8350க்கு எல்லை 61 பாகை அளவு), சும்மா இருக்கும்போது அர்த்தமே இல்லை. மதர்போர்டில் புரொசஸர் பூட்டுகிற சொக்கெட்டுக்குக் கீழே இருக்கிற சென்சர் வேறு, அது என் போர்டில் பாரம் ஏறினால் கோரை விடப் பத்துப் பாகை கூடக் காட்டும், ஏறுவதும் இறங்குவதும் பிந்தித்தான். எது எந்தச் சென்சர் என்று பிரித்துப் பார்க்க ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற சொஃப்ட்வெயர் இலவசமாகக் கிடைக்கிறது, கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வாங்கியது துவக்கு மாதிரியான இன்ஃப்ராரெட் கருவி. காசு வீண். மினுங்குகிற அலுமினியத்தில் பிடித்தால் 36 என்கிறது, அதே இடத்தில் விரலை வைத்தால் சுடுகிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பிடித்தபோது 47. மினுங்கும் உலோகம் தன் சூட்டைக் கதிராக விடுவது மிகக் குறைவு, எதிரில் இருப்பதன் சூட்டைத்தான் திருப்பி அனுப்பும், அதனால் வந்த வித்தியாசம்.

அப்புறம்தான் இந்த இரண்டு முனை கே டைப் வெப்பமானி. திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ஒரு கடையில் ஐயாயிரம் ரூபாவுக்குள் கிடைத்தது. கடைத் தம்பி “அண்ணா, இது பேக்கரிக்காரர் போறணைக்கு வாங்கிறது” என்றார். பரவாயில்லை, வேலை ஒன்றுதான். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் ஒட்டியிருப்பார்கள், நுனி சூடானால் பாகைக்கு 41 மைக்ரோவோல்ட் அளவில் மின்னழுத்தம் வரும், கருவி அதைப் பாகையாக மாற்றிக் காட்டும்.

வாங்கிய அன்றே சோதித்தேன். உப்புவெளியில் மாமா மீன் பெட்டிக்கு வைத்திருந்த ஐஸை உடைத்து நுனியை விட்டால் மைனஸ் 1.4. கருவி பிழை என்று நினைத்துவிட்டேன், பார்த்தால் ஐஸில் கடல் தண்ணீர் பட்டிருக்கிறது, உப்புச் சேர்ந்தால் உறைநிலை இறங்கும். வீட்டில் நல்ல தண்ணீரை உறைய வைத்து, தூளாக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பார்த்தபோது ஒரு முனை 0.4, மற்றது 0.9. கொதிநீரில் 99.6, 100.1. நம் ஊர் கடல்மட்டத்தில் இருப்பதால் 100ஐ எதிர்பார்க்கலாம், நுவரெலியாவில் இதையே செய்தால் 94 அளவில்தான் கொதிக்கும். சாதாரண கே டைப்புக்கு 2.2 பாகை வரை பிழை அனுமதி, அதோடு பார்த்தால் இது மிக நல்ல சாமான். முனைகளுக்கு இடையில் அரைப் பாகை வித்தியாசம் இருப்பதை மட்டும் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஒரு முனையை ஹீட்சிங்க் ஃபேனுக்கு இரண்டு சென்டிமீற்றர் முன்னால் காற்றில் நிறுத்தினேன், மற்றதை மேசைக்கு மேலே அறைக் காற்றில் தொங்கவிட்டேன். நுனி வெறும் உலோகம், போர்டில் பட்டால் ஷோர்ட் ஆகும், கப்டன் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) சுற்றாமல் உள்ளே விடவேண்டாம். புரொசஸருக்கு முழுப் பாரம் கொடுக்கிற பிரைம்95 சொஃப்ட்வெயரை இருபது நிமிடம் ஓடவிட்டேன். கேஸ் (கணினிப் பெட்டி) மூடியபடி: அறை 33.2, ஃபேனுக்குள் போகும் காற்று 41, சொஃப்ட்வெயரில் 60. பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன்: காற்று 34.5, புரொசஸர் 54. விடியப்புறம் ஐந்து மணிக்கு, கேஸை மூடி, அறை 27 இருக்கும்போது: காற்று 35, புரொசஸர் 54. கழித்துப் பாருங்கள், மூன்று தடவையும் 19 அல்லது 19.5. கூலர் எப்போதும் ஒரே வேலையைத்தான் செய்கிறது, மாறியது அதற்குக் கிடைத்த காற்று. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் ஒன்று, இரவு ஒன்று என்று எடுத்த எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவதில் பிரயோசனம் இல்லை.

இதை முன்பே தெரியாமல் ஒரு தவறு செய்தேன். புரொசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் பூசுகிற பேஸ்ட், அது பழையதாக இருக்கும்போது காலையில் பார்த்தேன், புதுப் பேஸ்ட் பூசி மத்தியானம் பார்த்தேன், எண் மாறவில்லை, ‘பேஸ்ட் சரியில்லை’ என்று கடைத் தம்பியோடு சண்டை பிடித்தேன். வெப்பமானி வந்த பிறகு அதே பேஸ்டை இன்னொரு தடவை துடைத்துச் சீராகப் பூசியதில் காற்றுக்கும் புரொசஸருக்கும் உள்ள வித்தியாசம் 19இலிருந்து 17க்கு இறங்கியது. தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

குறைகளும் உண்டு. பத்து நிமிடத்தில் தானாக நிற்கிறது, நீண்ட சோதனையில் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப அமர்த்த வேண்டும், அதை நிறுத்த வழியில்லை. திரைக்கு வெளிச்சம் இல்லை. கம்பி மெல்லியது, இரண்டு தடவை மடித்தால் முறிந்துவிடும் போலிருக்கிறது. புரொசஸரின் உள்சூட்டை இது நேரே அளக்காது, அதற்கு ஹெச்டபிள்யூ இன்ஃபோதான். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

4.5இல் நிறுத்திவிட்டேன். கேஸின் முன்பக்கத்தில் ஒரு 120 மில்லிமீற்றர் ஃபேன் பூட்டி, அந்த 41ஐ 36க்காவது கொண்டுவந்த பிறகுதான் மல்டிபிளையரில் திரும்பக் கைவைப்பேன்.