நெஜமாவே ரெண்டு ப்ராசஸர் இருந்த மெஷின் எது? கமடோர், ஆப்பிள், பிபிசி மைக்ரோ

80கள்ல வந்த ஹோம் கம்ப்யூட்டர்ல ரெண்டு ப்ராசஸர்னு பேச்சு வந்தாலே எல்லாரும் கமடோர் 128ஐத்தான் சொல்வாங்க. 1985ல வந்தது, உள்ள 8502 ஒண்ணு, இசட்80 ஒண்ணு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல ஓடாது. டேட்டா போய்வர்ற பாதை (பஸ்) ஒண்ணுதான், மெமரியும் ஒண்ணுதான், அதனால ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு சும்மா நிக்கணும். சுவிட்ச் போட்டதும் முதல்ல எழுந்திருக்கிறது இசட்80, அது செக் பண்ணிட்டு 8502 கிட்ட விட்டுட்டு ஒதுங்கிடும், அப்புறம் சிபி/எம்ங்கிற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓட்டினாத்தான் அதுக்கு வேலை.

என்னைக் கேட்டா ரெண்டு ப்ராசஸர் சேர்ந்து வேலை செஞ்சது அதுக்கு முன்னாடியே வந்த கமடோர் 64லயும் அதோட 1541 ஃப்ளாப்பி டிரைவ்லயும்தான். அந்த டிரைவுக்குள்ள தனியா ஒரு 6502, 2 கேபி ரேம், 16 கேபி ரோம்ல (ROM) டிஸ்க்கை நிர்வகிக்கிற டாஸ் ப்ரோக்ராம், அதாவது அதுவே ஒரு முழு கம்ப்யூட்டர். "இந்த ஃபைல் வேணும்"னு சொன்னா போதும், ட்ராக் எது செக்டர் எதுன்னு தேடறதெல்லாம் அது பாத்துக்கும். நாம எழுதின ப்ரோக்ராமையே அந்த 2 கேபிக்குள்ள அனுப்பி ஓட வைக்கலாம், காப்பி பண்ற சில ப்ரோக்ராம்ல ரெண்டு டிரைவை இணைச்சு ஆரம்பிச்சு விட்டுட்டு கம்ப்யூட்டரை கழட்டிட்டாலும் காப்பி பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்! எனக்கு இன்னைக்கும் பிரமிப்பா இருக்கிற விஷயம் இது.

வேகம்தான் ரொம்ப மோசம். செகண்டுக்கு சுமார் 400 பைட், 40 கேபி கேம் லோட் ஆக ஒன்றரை நிமிஷத்துக்கு மேல ஆகும். கமடோரோட முந்தின மெஷின் விக்-20ல இருந்த 6522 சிப்போட ஷிஃப்ட் ரெஜிஸ்டர்ல (பிட்டுகளை தானா வரிசையா அனுப்பற பாகம்) கோளாறு, அதனால பிட் பிட்டா சாஃப்ட்வேர்லயே அனுப்பினாங்க, 64ல வேற சிப் வந்தும் பழைய முறையையே விடாம வச்சிருந்தாங்க. ஃபாஸ்ட் லோடர் கார்ட்ரிட்ஜ் எல்லாம் வந்ததுக்கு காரணமே இதுதான்.

ஆப்பிள் II இதுக்கு நேர் எதிர். 1978ல வாஸ்னியாக் பண்ணின டிஸ்க் II டிரைவுல ப்ராசஸரே கிடையாது, கார்டுல கொஞ்சூண்டு சிப், மீதி எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கிற 6502 பாத்துக்கும். டிஸ்க் படிக்கிற நேரம் அதால வேற எதுவும் பண்ண முடியாது, ஆனா 1541ஐ விட பல மடங்கு வேகம், விலைக்கு ஏத்த அற்புதமான டிசைன். 1980ல மைக்ரோசாஃப்ட் விட்ட சாஃப்ட்கார்டு ஒரு இசட்80 சேர்த்துச்சு, அதுவும் மாத்தி மாத்தித்தான் ஓடும்.

பிபிசி மைக்ரோதான் இதுல உசத்தி, நம்ம நாட்டுல 1984ல ஆரம்பிச்ச கிளாஸ் திட்டத்துல ஸ்கூல்களுக்கு வந்த அதே மெஷின். ட்யூப்னு ஒரு கனெக்டர், அதுல 3 மெகாஹெர்ட்ஸ் 6502 பெட்டியை மாட்டினா ப்ரோக்ராம் முழுக்க அங்க ஓடும், கீபோர்டு, ஸ்க்ரீன், ஃப்ளாப்பி எல்லாத்தையும் பழைய 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பாத்துக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல. 1985ல முதல் ஏஆர்எம் சிப்பை, பிபிசி மைக்ரோவை செஞ்ச ஏகார்ன் கம்பெனி ஆளுங்க ஓட்டிப் பாத்ததும் இப்படி ஒரு பிபிசி மைக்ரோல மாட்டித்தான், இன்னைக்கு நம்ம கையில இருக்கிற ஃபோன் வரைக்கும் வந்திருக்கிறது அதோட வாரிசுங்கதான்.

ஆனா அந்தப் பெட்டியை தனியா காசு குடுத்து வாங்கணும், 1541லயோ டிரைவ் வாங்கினாலே ரெண்டாவது ப்ராசஸர் கூடவே வந்துடும். அதனால டிசைனுக்கு என் ஓட்டு ட்யூபுக்கு, வீட்டுல நோண்டிப் பாக்க 64 கூட 1541. சிபி/எம் ஆசைக்காக 128தான் வேணும்னா 1571 டிரைவ் சேர்த்தே தேடுங்க, வேகமும் உண்டு, மத்த கம்பெனி சிபி/எம் டிஸ்க் பலதையும் படிக்கும், 1541 அதை படிக்காது.