முன்மொழிவு எழுதிக் கொடுக்கும் கொம்யூனிகேஷன்: கடிதத்துக்கு ஐந்து, கணக்குக்கு ஒன்று

கடையின் பெயரைப் போடமாட்டேன். எந்தப் பிரதேச செயலகத்துக்கு முன்னாலும் இப்படி ஒரு கொம்யூனிகேஷன் கடை இருக்கும். வாசலில் போட்டோகொப்பி மெசின், உள்ளே ரெண்டு கொம்பியூட்டர், சுவரில் ‘செயற்திட்ட முன்மொழிவுகள் தயாரித்துக் கொடுக்கப்படும்’ என்று ஒரு பனர். நான் போனது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்துக் கடை ஒன்றுக்கு. காசு கொடுத்து வேலை வாங்கினவன் என்றபடியால் எழுதுகிறேன்.

நான் மேசன். மகள் மூன்றாம் ஆண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒருநாள் பிந்திப் போனேன், போய்ச் சேர முன்னமே என் பெயரைச் செயற்குழுவில் எழுதிவிட்டார்கள். மைதானம் என்று சொல்ல ஒரு வெளி கிடக்கிறது. பின்னேரமானால் அதில் மாடு படுக்கும். அங்கே ஊஞ்சல், சறுக்கு, ஏறி விளையாட ஒரு கம்பிக்கூடு, இவ்வளவும் போட வேண்டும் என்று மூன்று வருடமாகக் கூட்ட அறிக்கையில் மட்டும் எழுதிக்கொண்டு வந்தோம்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்டால் எங்கட ஆட்களின் வாயில் முதலில் வருவது ஜப்பான். காரணம் இருக்கிறது. மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் பாதை என்கிற மிதவை வருமட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஊர் இது. ஜப்பான் உதவியில் பாலம் கட்டி 2014இல் திறந்தார்கள். பாலமே தந்தவன் ஒரு ஊஞ்சல் தரமாட்டானா என்பது எங்கட தலைவரின் கணக்கு. “கடையில குடுத்து வடிவா எழுதி அனுப்புவம்” என்றார். 7,500 ரூபா பேசி, அரைவாசி முற்பணம் கொடுத்தோம்.

ஐந்தாம் நாள் புத்தகம் வந்தது. 22 பக்கம், கலர் அட்டை, சுருள் பைண்டிங். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பிழை கண்ணில் படவில்லை. அதிபர் மிஸ் கையில் வாங்கி, “கலியாணக் காட் மாதிரி இரிக்கு” என்று சிரித்தார்.

ஆறாம் பக்கத்தில்தான் விசயம் இருந்தது. ‘கடலரிப்பினால் தொடர்ச்சியாகப் பாதிப்புறும் எமது பாடசாலையானது’ என்று தொடங்கியது. எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வாவி முழுசாகக் கிடக்கிறது. வெள்ளம் வரும், யானை வரும், கடல் மட்டும் வந்ததில்லை. மதிப்பீட்டைப் புரட்டினால் ரப்பர் ஓடு பதித்த தரை, கொழும்பில் இருந்து பிளாஸ்டிக் சறுக்கு, மொத்தம் 48 இலட்சம். அட்டையில் ரோட்டரிச் சேவைக் கழகத்தின் மானியமான குளோபல் கிராண்ட் என்று வேறு போட்டிருந்தது.

“தம்பி, எங்களுக்குக் கடல் எங்க கிடக்கு?”

“அண்ணன், அது பழைய ஃபைல். மாத்த மறந்திட்டன்.”

பொய் சொல்லவில்லை, அது ஒரு நல்ல குணம். அந்தப் பக்கத்தைக் காசில்லாமல் திருத்தித் தந்தான். ஆனால் கடலை எடுத்துவிட்டால் மட்டும் கணக்குச் சரிவராதே.

டவுணில் நான் வீடு கட்டிக் கொடுத்த ஒரு சேர் ரோட்டரியில் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். அட்டையைப் பார்த்ததுமே சொன்னார்: குளோபல் கிராண்ட் என்றால் திட்டச் செலவு குறைந்தது 30,000 டொலர் இருக்க வேண்டும், வெளிநாட்டுக் கழகம் ஒன்றும் கூட்டுச் சேர வேண்டும், சின்ன வேலைக்கு மாவட்ட மானியம் என்று வேறொன்று இருக்கிறது. ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட உதவித் திட்டம் பற்றியும் விளங்கப்படுத்தினார். அது தனி ஆளுக்கோ கம்பனிக்கோ கிடையாது. மூன்று இடத்தில் விலைமனு எடுத்து வைக்க வேண்டும். சம்பளம், பராமரிப்பு போன்ற நடைமுறைச் செலவுக்குக் காசு வராது. கடைசியாக மூன்று கேள்வி கேட்டார். காணி ஆருட பேரில? பேங்க் கணக்கில ஆர் ஆர் கையெழுத்து? ரெண்டு வருசத்தில ஊஞ்சல் சங்கிலி அறுந்தா ஆர் மாத்துற? 22 பக்கத்தில் இது மூன்றுக்கும் ஒரு வரி கிடையாது.

அன்றிரவு மகளின் கொப்பியில் ரெண்டு தாள் கிழித்து நானே எழுதினேன். ஜீஐ பைப், சங்கிலி, வெல்டிங், பெயின்ட் எல்லாம் 430,000. எங்கட கூலி, மண், டிரக்டர் எல்லாம் காசாகப் பார்த்தால் 210,000. ஆக 640,000. அந்த 210,000ஐ ஊரின் பங்கு என்று முதல் வரியிலேயே போட்டேன். நீங்கள் என்ன போட்டீர்கள் என்று பார்த்துத்தான் மற்றவன் பையில் கை வைப்பான். சும்மா செய்கிற வேலையையும் கணக்கில் காட்டலாம் என்று கடைத் தம்பி சொல்லித் தந்திருக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்த ரெண்டு தாளைக் கொண்டுதான் படியேறினோம். கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர், “திருவிழா முடியட்டும் மகன்” என்றார், முடிந்த கிழமையே 60,000 கொடுத்தார். அரிசி மில் முதலாளி ஒரு இலட்சம். மாதர் சங்கம் 15,000, அதோடு வேலை நாளில் மத்தியானச் சோறு. சுவிஸில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் 250,000 அனுப்பினார். ஒவ்வொரு பில்லையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட வேண்டும் என்பது அவரது நிபந்தனை. முதலில் எரிச்சலாக இருந்தது. மறுகா பார்த்தால் அந்தப் படங்களே எங்கட கணக்குப் புத்தகம். துண்டு விழுந்த 5,000 யாருடைய பையில் இருந்து போனது என்று என் மனைவிக்குத் தெரியாது. தூதரகத்துக்கு ஒன்றும் அனுப்பவில்லை.

கடையைக் குறையாகவே சொல்லிக்கொண்டு போனால் நியாயமில்லை. கடிதம் எழுதுவதில் அந்தத் தம்பியை அடிக்க ஆளில்லை. பாடசாலைக் காணிக்குள் ஒரு கம்பி நடுவதற்கும் அனுமதி வேண்டும். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுகிற கடிதத்தில் ‘கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாக’ என்று போடாவிட்டால் போன வழியே திரும்பி வரும். எதை யார் ஊடாக அனுப்புவது, எதன் பிரதியை யாருக்கு வைப்பது எல்லாம் அவனுக்கு விரல் நுனியில். பத்து நிமிசத்தில் அடித்துத் தந்தான், 300 ரூபா.

இன்னொன்றும் செய்தான். நான் கேளாமலே, அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழுவின் விளையாட்டுத்திடல் கையேட்டை இறக்கி, முக்கியமான பக்கங்களைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பிரிண்ட் எடுத்தான். அதைக் காணாமல் இருந்தால் நான் பிழை விட்டிருப்பேன். கம்பிக்கூட்டின் படிகளுக்கு நான் குறித்து வைத்த இடைவெளி எட்டு அங்குலம். மூன்றரைக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட இடைவெளியில் பிள்ளையின் உடம்பு புகுந்து தலை சிக்கும் என்று கையேடு சொல்கிறது. டேப்பை எடுத்து மகளின் தலையில் வைத்துப் பார்த்தேன். வெல்டிங்காரனுக்கு அன்றிரவே கோல் எடுத்துப் பத்தாக மாற்றச் சொன்னேன். ஊஞ்சலும் ஒரு சட்டத்துக்கு மூன்று என்று இருந்தது, ரெண்டாகக் குறைத்தோம். நான்கு அடி உயரத்தில் இருந்து விழுகிற பிள்ளைக்குக் கீழே ஒன்பது அங்குலம் மணல் வேண்டுமாம். மிதிபட மிதிபட மணல் இறுகும் என்பது மேசனுக்குத் தெரியும், ஒரு அடி போடுவதாக எழுதினேன். சறுக்குக்கு மட்டும் கையேடு தேவைப்படவில்லை. எங்கட வெயிலில் தகரத்தில் குந்தினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், வேப்ப மரத்துக்குக் கீழே வைத்தோம்.

மண் ஏற்ற அனுமதிப்பத்திரம் எடுக்கிற கதை தனிக் கதை. அதற்கும் விண்ணப்பம் நிரப்பித் தந்தது இதே கடைதான். இப்போது ரெண்டு லோட் வந்திருக்கிறது, இன்னும் ஒன்று வர வேண்டும். அதுவரைக்கும் ஊஞ்சல் சட்டம் மட்டும் நிற்கிறது. சங்கிலியைக் கழற்றி அதிபர் மிஸ் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். மகள் தினமும் என்னைத்தான் கேட்கிறாள்.

கடிதம், விண்ணப்பம், மொழிபெயர்ப்பு, பிரிண்ட் இவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், ஐந்துக்கு ஐந்து. முன்மொழிவு என்றால் கணக்கையும் ஊர்க் கதையையும் நீங்களே எழுதிக் கொண்டுபோய் டைப் பண்ண மட்டும் கொடுங்கள். அந்த 7,500க்கு என் புள்ளி ஒன்று, அதுவும் அட்டைக்கு.

போன கிழமை பராமரிப்புப் பதிவேட்டுக்குக் கோடு போட்டு எடுக்கப் போயிருந்தேன். என் ரெண்டு பக்கத்தையும் அவனிடம்தான் டைப் பண்ணக் கொடுத்திருந்தேன்.

“அண்ணன், உங்கட அந்தக் கணக்கை நான் ஒரு மாதிரிக்கு சேவ் பண்ணி வைக்கட்டா? இன்னொரு பள்ளிக்கூடம் வந்து நிக்கிது.”

வைக்கச் சொன்னேன். வேப்ப மரத்தை மட்டும் மறக்காமல் எடுத்துவிடச் சொன்னேன்.