வாளியா, மெதுவான பம்ப்பா, விரவல் பையா? கண்காணிப்புக் கிணற்று மாதிரி முறைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

எண்ணெயோ கரைப்பானோ மண்ணில் இறங்கியிருக்கலாம் என்ற ஐயம் உள்ள இடத்தில் நிலத்தடி நீரைச் சோதிக்க முற்படுவோர், ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை நீரை எடுக்கும் முறையில் காட்டுவதில்லை. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மாசையும் ஆய்வகக் கருவி காட்டிவிடும். ஆனால் புட்டிக்குள் வந்த நீர், நிலத்தடியில் இருந்தபடியே வந்ததா என்பதை அக்கருவியால் சொல்ல இயலாது. அது கிணறு அமைந்த விதத்தையும் நீர் எடுத்த விதத்தையும் பொறுத்தது.

கிணற்றிலிருந்து, அதாவது நீரைச் சோதிக்கவென்றே இறக்கும் ஒடுங்கிய குழாய்க் கிணற்றிலிருந்து, தொடங்குவோம். தளர்வான மண்ணில், உள்ளீடற்ற தண்டுள்ள ஆகர் என்னும் திருகுத் துளைகருவி கொண்டு துளையிடுவதும், குழாயை நேரடியாக அழுத்தியும் தட்டியும் இறக்குவதும் போட்டி முறைகள். இரண்டாவது முறையில் மண் ஏறக்குறைய வெளியே வருவதே இல்லை. ஒரே நாளில் பல இடங்களில் இறக்கலாம். ஆகவே மாசு எதுவரை பரவியுள்ளது என்று விரைவாகத் தேடுவதற்கு அதுவே ஏற்றது. கூழாங்கல் அடுக்கு குறுக்கிட்டால் அது நின்றுவிடும். துளைச் சுவரில் களிமண் பூசப்பட்டு நீர்வரத்தைத் தடுப்பதும் உண்டு. ஆகர் முறையில் வெளிவரும் மண்ணையும் மாசுக் கழிவாகவே கருதிப் பீப்பாய்களில் அடைத்து அப்புறப்படுத்த வேண்டும். ஆயினும் பல ஆண்டுகள் நீர் எடுக்கப்போகும் நிலையான கிணற்றுக்கு நான் ஆகரையே பரிந்துரைப்பேன். குழாயைச் சுற்றி வடிகட்டு மணலையும், அதன்மேல் பெண்டோனைட் என்னும் உப்பும் களிமண்ணாலான அடைப்பையும் ஒழுங்காக இட அதில் இடம் கிடைக்கிறது. மணலை அவசரமாகக் கொட்டினால் அது பாதி வழியில் சிக்கிப் பாலம்போல் நின்று, அடியில் வெற்றிடத்தை விட்டுவிடும். அதனால் ஒவ்வொரு முறை கொட்டியபின்னும் எடை கட்டிய அளவு நாடாவை இறக்கி மணல் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பெண்டோனைட் நீரில் ஊறி உப்பிய பிறகே அதன்மேல் சிமெண்டுக் குழம்பை ஊற்ற வேண்டும்.

எந்த முறையானாலும், களிமண் அடுக்கைத் துளைக்கும் முன் நிதானம் தேவை. டிரைகுளோரோஎத்திலீன் போன்ற, நீரைவிடக் கனமான கரைப்பான்கள் அந்த அடுக்கின்மேல் தேங்கியிருக்கக்கூடும். பாதுகாப்புக் குழாயைக் களிமண்ணில் பதித்து அடைக்காமல் துளைத்தால், கீழே சுத்தமாக இருந்த நீருக்குள் கரைப்பான் இறங்க நாமே வழி வெட்டிக் கொடுத்தவர்களாவோம்.

குழாய்ப் பொருளைப் பொறுத்தவரை, பெரும்பாலான இடங்களுக்கு மரையிட்ட பிவிசி போதுமானது. பசை கொண்டு ஒட்டக் கூடாது. பசையிலுள்ள கரைப்பானே சோதனை முடிவில் மாசாகத் தோன்றும். நீரில் கரையாமல் கரைப்பான் தனியாகத் தேங்கியுள்ள இடத்தில் பிவிசி மென்மையாகிவிடுமாதலால், அங்கு மட்டும் துருப்பிடிக்கா எஃகு தேவைப்படும். ஆனால் அரிக்கும் தன்மையுள்ள நீரில் அந்த எஃகிலிருந்தே நிக்கலும் குரோமியமும் கரைந்து வரலாம்.

இனி, நீர் எடுத்தல். பழைய வழக்கம், குழாய்க்குள் தேங்கிய நீரின் அளவைப்போல் மூன்று மடங்கை வெளியேற்றிவிட்டு, பெய்லர் என்னும் குழாய் வாளியால் மாதிரி எடுப்பது. 50 மி.மீ. குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர் நீர் நிற்கும்; 6 மீட்டர் நீர் நின்றால் சுமார் 36 லிட்டரை வெளியேற்றி, அதையும் கழிவாகக் கையாள வேண்டும். வாளிக்குச் செலவு குறைவு, மின்சாரம் தேவையில்லை. ஆனால் அது நீரில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அடிவண்டல் கலங்குகிறது, காற்று கலக்கிறது. உலோகச் சோதனைக்கான மாதிரி கெடாதிருக்கக் கலங்கிய நீரில் அமிலம் சேர்த்ததும், மண்துகளில் ஒட்டியிருந்த ஈயமும் கரைந்து, நீரிலேயே கரைந்திருந்ததுபோல் கணக்கில் ஏறுகிறது. எளிதில் ஆவியாகும் பென்சீனோ காற்றோடு போய், உண்மையைவிடக் குறைவாகத் தெரிகிறது. ஒரே வாளி ஒரு மாசைக் கூட்டியும் இன்னொன்றைக் குறைத்தும் காட்டுவதால், பிழை எந்தப் பக்கம் என்றுகூட ஊகிக்க முடியாமல் போகிறது.

மெதுவாக நீர் எடுக்கும் முறை இதற்கு நேர் எதிரானது. சல்லடைக் குழாயின், அதாவது நீர் உள்ளே வரத் துளையிட்ட குழாய்ப் பகுதியின், நடுவில் பம்ப்பை நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் என்ற வேகத்தில், கிணற்று நீர்மட்டம் சுமார் 10 செ.மீ.க்கு மேல் இறங்காதபடி எடுக்கிறார்கள். எவ்வளவு வெளியேற்றினோம் என்பதைவிட, நீர் நிலைபெற்றதா என்பதே இங்கு அளவுகோல். சில நிமிட இடைவெளியில் எடுத்த மூன்று அளவீடுகளில் பிஎச் 0.1 அளவுக்குள்ளும், மின்கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும், கரைந்த ஆக்சிஜனும் கலங்கலும் 10 சதவீதத்துக்குள்ளும் நின்றால், நிலத்தடி நீரே வருகிறது என்று கொள்ளலாம். கருவிச் செலவும் பொறுமையும் கூடுதலாக வேண்டும். நீர் மிக மெதுவாக ஊறும் கிணற்றில் மட்டம் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். இவ்வளவு இருந்தும், உலோகங்களும் ஆவியாகும் சேர்மங்களும் சேர்ந்தே தேடப்படும் இடத்தில் இதற்கு ஈடான முறையை நான் காணவில்லை.

மூன்றாவது வழி, தூய நீர் நிரப்பிய பாலிஎத்திலீன் விரவல் பையைச் சல்லடைப் பகுதியில் தொங்கவிட்டு, சுற்றியுள்ள மாசு அதன் சுவர் வழியே மெல்ல உள்ளே பரவியபின், ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து எடுப்பது. கழிவுநீரே கிடையாது, கலங்கலும் கிடையாது. குளோரின் ஏறிய கரைப்பான்களை மட்டும் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கும் இடத்துக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் உலோக அயனிகள் அந்தப் பையின் சுவரைக் கடப்பதில்லை. மாசு இன்னதென்றே தெரியாத முதற்கட்டத்தில் இதை நம்பி இறங்கினால், இல்லாததும் காணாததும் அறிக்கையில் ஒன்றுபோலவே தோன்றும்.

நடுவில் முறையை மாற்ற நேர்ந்தால், பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒரே வரைபடத்தில் இணைத்து, மாசு குறைந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஒரே கிணற்றில் இரு முறைகளையும் ஒரே நாளில் செய்து பார்க்க வேண்டும்: பம்ப்பையும் பையையும் ஒப்பிடுவதானால், முதலில் பையை வெளியே எடுத்து, அதன் பிறகே பம்ப்பை இறக்க வேண்டும், முன்னதாக இறக்கினால், பை நின்ற இடத்து நீர் கலைந்துவிடும். இரண்டு முடிவுகளும் பெரிதும் வேறுபட்டால், ஒன்றைத் தவறென்று ஒதுக்குவதற்கு முன், சல்லடைக் குழாயின் மேற்பகுதியிலும் அடியிலும் ஒவ்வொரு பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மாசு ஒரு மெல்லிய அடுக்கில் மட்டும் ஓடுவது அப்போதுதான் தெரியவரும்.