ரெசிடென்சி இன்டர்வியூவுக்கு முந்தின ‘சோஷியல்’: போவதா, தூங்குவதா?

சேலம் மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜில் படித்துவிட்டு அமெரிக்க ரெசிடென்சிக்கு (அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே பெறும் மேற்பயிற்சி) விண்ணப்பித்திருக்கும் ஜூனியர்கள், அக்டோபர் பிறந்தால் இதைத்தான் கேட்கிறார்கள். இன்டர்வியூ அழைப்போடு ‘சோஷியல்’ என்று ஒரு ஜூம் சந்திப்பும் வருகிறது. பேராசிரியர்கள் இருக்க மாட்டார்கள், அங்கே இப்போது பயிற்சியில் இருக்கும் டாக்டர்களான ரெசிடென்ட்கள் மட்டும்தான். விருப்பம் இருந்தால் வரலாம் என்று போட்டிருக்கிறது. போகாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

விருப்பம் என்று எழுதியிருந்தால் அதை அப்படியே நம்பலாம் என்பது என் எண்ணம். ஆனாலும் முடிந்தவரை போங்கள் என்றுதான் சொல்வேன். இன்டர்வியூக்கள் முடிந்தபின், எந்த ஆஸ்பத்திரி முதலில், எது அடுத்து என்று நீங்கள் கொடுக்கப்போகும் ரேங்க் லிஸ்டுக்கு அது தேவை. விண்ணப்பித்தவர்களுக்கு இடம் ஒதுக்கும் ‘மேட்ச்’ நடக்கும்போது உங்கள் முதல் விருப்பத்தில்தான் முதலில் இடம் தேடுகிறார்கள். அதனால் எந்த ஊரை மேலே போடுவது என்பது பெரும்பாலும் மூன்று வருடமோ அதற்கு மேலோ வாழப்போகும் வாழ்க்கை சம்பந்தப்பட்ட முடிவு. ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைப் பார்த்தால் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் சிரிக்கும்.

சோஷியலில் மட்டும் கிடைக்கிற விஷயம் ஒன்று உண்டு. “ராத்திரி டூட்டியில் ஒரு பேஷண்ட் மோசமானால் சீனியர் நேரில் வருவாரா, போனிலேயே முடித்துவிடுவாரா?” என்று கேட்டுப் பாருங்கள். நல்ல இடமென்றால் உடனே யாராவது ஒருவர் போன வாரம் நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். சரியில்லாத இடமென்றால் இரண்டு நொடி யாரும் பேச மாட்டார்கள், அப்புறம் ஒருவர் பொதுவாக ஏதோ சொல்வார். அந்த இரண்டு நொடி எந்த மெயிலிலும் வராது. இன்டர்வியூ நடத்தும் பெரிய டாக்டரிடம் இதைக் கேட்கவும் முடியாது.

போகாமல் இருப்பதற்கும் நியாயம் இருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரை ஊர்களில் மாலை 6 மணி என்றால் நமக்கு விடிகாலை 4.30. அங்கே கடிகாரத்தை மாற்றும் நவம்பர் முதல் ஞாயிறுக்கு முன்பு என்றால் 3.30. மறுநாள் காலை 8 மணி இன்டர்வியூ நமக்கு அதே நாள் சாயங்காலம் 6.30-க்கு வந்து நிற்கும். நடுவில் ஹவுஸ் சர்ஜன் டூட்டியும் இருந்தால் அன்று சோஷியலை விட்டுவிடுங்கள். தூக்கம் கெட்ட முகம் கேமராவில் அப்படியே தெரியும். வர முடியவில்லை என்று இரண்டு வரி மெயில் போட்டால் போதும். கேமராவை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு, போகாமல் இருப்பதே மேல். சிகாகோ, டெக்சாஸ் பக்கம் மாலை 6 மணி என்றால் நமக்குக் காலை 5.30, கலிபோர்னியா என்றால் 7.30. இவற்றுக்கெல்லாம் சாக்கே கிடையாது.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலை மேல் எப்போது கரண்ட் போகும், எப்போது நெட் போகும் என்று சொல்ல முடியாது. இன்டர்வியூவுக்காவது வெளிச்சம் இருக்கும்போதே இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிவிடலாம். விடிகாலை சோஷியல் என்றால் முந்தின நாளே சேலம் வந்து அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லாண்ட்ஸிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும். உண்மையிலேயே சேர ஆசைப்படும் இடமென்றால் அந்தச் சிரமத்தைப் படுங்கள், மற்றவற்றை விடலாம்.

போவது, போகாமல் இருப்பது தவிர மூன்றாவது வழி, அங்கே ஏற்கெனவே இருக்கும் நம் காலேஜ் சீனியரை வாட்ஸ்அப்பில் பிடிப்பது. மனம்விட்டுப் பேசுவார், நேரமும் நம் வசதிக்குக் கிடைக்கும். ஆனால் அது ஒருவருடைய அனுபவம். அவருக்கும் அவருடைய சீஃபுக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஊரையே கழித்துவிடக் கூடாது. இப்படி ஒரு சீனியர் இருந்தால் சோஷியலுக்கு முன்பே பேசிவிடுங்கள், என்ன கேட்பது என்று தெளிவாகிவிடும்.

ஜே-1 விசாவா (பரிமாற்றப் பயிற்சிக்கானது), எச்-1பி (வேலைக்கானது) தருவார்களா, அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் தேர்வின் கடைசிப் பகுதியான ஸ்டெப் 3 எப்போது முடித்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் ரெசிடென்ட்களிடம் கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். அது அந்த ஆஸ்பத்திரியின் ரெசிடென்சி அலுவலக வேலையைப் பார்க்கும் கோஆர்டினேட்டருக்கு மெயிலில் கேட்கிற விஷயம். சோஷியல் முடிந்ததும் லேப்டாப்பை மூடுவதற்கு முன் யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். ஜனவரிக்குள் எல்லா ஆஸ்பத்திரியும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.