கீழக்கரையிலிருந்து சென்னை: எட்டு ஆண்டுப் பயணத்தில் நான் போட்ட நேரக் கணக்கு

அம்மாவின் கண் சிகிச்சைக்காக எட்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு நான்கைந்து முறை சென்னைக்குப் போய் வருகிறேன். "மதுரையிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம்தானே" என்று சொல்லாத உறவினர் இல்லை. அந்த ஒன்றேகால் மணி நேரம் மதுரைக்காரர்களுக்கானது. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் நமக்கு வாசற்படியிலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது.

ராமநாதபுரத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 440 கி.மீ. தேவகோட்டை, காரைக்குடி, திருச்சி வழியாகச் சாலையில் போனால் 530 கி.மீ.க்குக் குறையாது. விமானம் பிடிப்பதற்கோ, வடகிழக்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் வடமேற்கே திரும்ப வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 130 கி.மீ. காரில் இரண்டரை மணி நேரம், சில நாள் மூன்று. விமானம் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். இறங்கிப் பெட்டி எடுத்து, மெட்ரோ பிடித்து, தங்கை வீட்டுக் கதவைத் தட்டும்போது ஏழு மணி நேரம் ஓடியிருக்கும். இரவு பஸ்ஸில் பத்து, பதினொன்று. மிச்சமாவது மூன்று, நான்கு மணி நேரம். அதுவும் பகலில் விழித்திருந்து செலவழிப்பது.

பரமக்குடி வரை நான்குவழிச் சாலை வந்தது பெரிய ஆறுதல். அதற்கு இந்தப் பக்கம்தான் நெஞ்சு படபடக்கும். ஒரு மழைக்கால மாலை, சத்திரக்குடி அருகே லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, அம்மாவுடன் காரிலேயே காத்திருந்தேன். விமான நிலையம் போனபோது கவுன்டரை மூடிவிட்டார்கள். டிக்கெட் பணம் போனதைவிட, மறுநாள் மருத்துவரைப் பார்க்க முடியாமல் போனதுதான் வலித்தது. பரமக்குடி – ராமநாதபுரம் நான்குவழித் திட்டத்துக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த செய்தியை நான் இருமுறை படித்தேன்.

செப்டம்பர் 11, அக்டோபர் 30 ஆகிய நாட்களிலும் அவற்றை ஒட்டியும் இந்த வழியில் விமானப் பயணம் வைக்காதீர்கள். பரமக்குடியிலும் பசும்பொன்னிலும் நினைவு நாள் கூட்டம் இருக்கும். வாகனங்களைச் சுற்றி அனுப்புவார்கள். ஆடி, தை அமாவாசைகளில் ராமேசுவரம் போகும் வண்டிகளுக்கென்று கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாயல்குடி, ஏர்வாடிப் பக்கத்தவர்கள் மதுரையை மறந்துவிட்டுத் தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்தைப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெரிசல் குறைவு. அங்கிருந்து பறக்கும் சிறிய விமானம் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு உகந்தது ரயில்தான். சேது எக்ஸ்பிரஸில் ராமநாதபுரத்தில் ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. கால் நீட்டலாம், கழிவறைக்குத் தயங்காமல் போகலாம். 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை, ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்து முதியவர்கள் மூட்டை முடிச்சோடு பஸ்ஸில் கடலைத் தாண்டி வந்து ரயில் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த வண்டி மறுபடி தீவுக்குள் போவதைப் பார்க்க மனம் நிறைகிறது.

அவசரம் என்றால் மட்டும் விமானம். அப்போதும் வீட்டை விட்டு ஐந்து மணி நேரம் முன்பே கிளம்பிவிடுகிறேன். அடுத்த மாதம் அம்மாவுக்கு மறுபரிசோதனை. சேதுவில் கீழ்ப்படுக்கை கிடைத்துவிட்டது.