தர்மபுரி பக்கம் ஒரு முதியோர் இல்லம், அம்மா இருந்த 10 மாசம் (2 ஸ்டார்)

இல்லத்தோட பேர் போடல, கேஸ் போடலாமா வேணாமான்னு வீட்ல இன்னும் பேசிட்டுதான் இருக்கோம். தர்மபுரி டவுனுக்கு கொஞ்சம் வெளிய, மாசம் 18,000, அட்வான்ஸ் 30,000. நான் ஓசூர்ல வேலை பாக்கறேன், அம்மாவுக்கு 78, தனியா விட முடியல.

சாப்பாட்டுக்கு குறை சொன்னா பாவம். வாரத்துல ரெண்டு நாள் களியும் கீரை கடைசலும், அம்மாவுக்கு அது போதும். பகல்ல இருக்கற ஆயாங்க தங்கமானவங்க, தலை வாரி பூ வெச்சு விடுவாங்க. அந்த 2 ஸ்டாரும் அவங்களுக்குதான்.

பாத்ரூம்தான் ஆகாது. வாசப்படி ரெண்டு இன்ச் உயரம், உள்ள வழவழன்னு டைல்ஸ், கைப்பிடி கம்பின்னு ஒண்ணு இருக்கு ஆனா ரெண்டே ஸ்க்ரூ, புடிச்சா ஆடும், அதுலயும் யாரோட ஈர துண்டாவது தொங்கும். ராத்திரி 14 பேருக்கு ஒரே ஆள். சேக்கும்போதே சொன்னேன், அம்மா பிபி மாத்திரை போடறாங்க, சட்டுனு எந்திரிச்சா கிறுகிறுன்னு வரும், ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் போவாங்க, வீட்லயே ஒரு தடவை விழுந்திருக்காங்கன்னு. ஃபைல்ல எழுதிக்கிட்டாங்க, நான் பாத்தேன்.

விழுந்தது ராத்திரி 2 மணிக்கு. எனக்கு போன் வந்தது காலைல 11க்கு, அதுவும் "லேசா சுளுக்குங்கம்மா, தைலம் தேச்சிருக்கோம்"னு. போய் பாத்தா ஒரு கால் குட்டையா, பாதம் வெளிப்பக்கமா திரும்பி கெடக்கு, பாத்த உடனே டாக்டர் இடுப்பு எலும்புன்னுட்டாரு. ஒன்பது மணி நேரம் அம்மா அந்த வலியோட படுத்திருக்காங்க, பக்கத்து பெட் பாட்டிதான் தண்ணி குடுத்துச்சாம்.

மேனேஜர் கிட்ட கேட்டா, "வயசானவங்கன்னா விழத்தாங்கம்மா செய்வாங்க, நிர்வாகம் பொறுப்பில்லன்னு நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கீங்களே". போட்டேன் தான், 11 பக்கத்துல எட்டாவது பக்கம், யாருங்க படிக்கறா.

சொந்தத்துல வக்கீல் ஒருத்தர் இருக்காரு, அவர் சொன்னது இது. காசு வாங்கிட்டு பாத்துக்கறேன்னு சொன்னா அது சேவை, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல வரும். விழுந்தாங்கங்கறதுக்காக மட்டும் இல்லத்து மேல பொறுப்பு வராது, ஆனா விழுவாங்கன்னு தெரிஞ்சும் செய்ய வேண்டியத செய்யலன்னா அது சேவை குறைபாடு, விஷயத்தை வேணும்னே மறைக்கறதையும் அந்த சட்டம் குறைபாடுன்னுதான் சொல்லுது. கையெழுத்து வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சிடாதாம். 2 வருஷத்துக்குள்ள போடணும், குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் இல்ல, இல்லம் தர்மபுரியில இருந்தாலும் நான் இருக்கற கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போட்டுக்கலாம். (காசே வாங்காத தர்ம இல்லம்னா இந்த வழி கஷ்டம்னாரு.)

ஒரு தப்பு பண்ணிட்டேன், ஆஸ்பத்திரி அலைச்சல்ல சிசிடிவி ஞாபகமே வரல. இருபது நாள் கழிச்சு கேட்டா "பதினஞ்சு நாள்தான் நிக்கும், அழிஞ்சிருச்சு". உங்களுக்கு இப்படி ஆச்சுன்னா அன்னைக்கே பதிவு தபால்ல எழுதி கேளுங்க, ராத்திரி டூட்டி ரெஜிஸ்டர், சேத்தப்ப எழுதின ஃபைல் காப்பி எல்லாம் சேத்து. சேக்கப் போறவங்க பகல்ல ரூம் பாத்துட்டு வந்துடாதீங்க, ராத்திரி எத்தன பேர் டூட்டின்னு கேளுங்க, அந்த கம்பிய புடிச்சு நல்லா இழுத்து பாருங்க. கலெக்டர் ஆபீஸ்ல சமூக நலத்துறைல இல்லத்துக்கு பதிவு இருக்கான்னும் விசாரிங்க. உதவிக்கு முதியோர் ஹெல்ப்லைன் 14567.

அம்மா இப்ப என் கூட, வாக்கர்ல நடக்கறாங்க. பெட்டி எடுக்க போனப்ப கம்பி அப்படியேதான் இருந்துச்சு, அதே ரெண்டு ஸ்க்ரூ. அட்வான்ஸ் 30,000 இன்னும் வரல, கேட்டா பெட்ஷீட் ரெண்டு கொறையுதாம்.